இரண்டாவது டிஸ்க்

மட்டமான படம் எடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள், டிவிடியின் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டுப் பார்க்காதவர்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ‘குப்பை’ என்று சொல்ல ஒன்றரை மணி நேரம் போதும். அந்தக் குப்பைக்காக ஒரு ஆள் கைக்காசைப் போட்டு, நண்பர்களைக் கெஞ்சி, ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு ராப்பகலாக அலைந்த கதை இரண்டாவது டிஸ்க்கில்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகு ‘குப்பை’ என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது. வரவும் வேண்டும் சில சமயம். அதுதான் சிக்கல்.

என்னிடம் இப்படிப்பட்ட டிஸ்க்குகள் நானூறு சொச்சம் இருக்கின்றன. முக்கால்வாசி பேய், பாக்கி அடிதடி. ஆஸ்கர் வாங்கிய சமாசாரங்கள் ஏழெட்டு தேறினால் அதிகம். வீட்டில் இவற்றுக்கு மரியாதை இல்லை. “பழைய பேப்பர்காரர்கூட வேண்டாம்னுட்டார்” என்கிறாள் மனைவி. அண்ணன் மகன் சாஃப்ட்வேர்க்காரன், இன்னும் ஒரு படி மேலே போய், “சித்தப்பா, எல்லாம்தான் ஓ.டி.டி.ல வருதே. மட்டமான படத்தைப் பத்தி எடுத்தவனே மூணு மணி நேரம் பேசினா, படம் நல்லதாயிடுமா?” என்று கேட்டான். பதில் சொல்லாமல் காபி குடித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், எல்லா எக்ஸ்ட்ராவும் எக்ஸ்ட்ரா இல்லை. பெரிய ஹாலிவுட் படங்களின் ‘மேக்கிங்’ பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கையில் கொடுத்து “மணமக்களைப் பற்றி ரெண்டு வார்த்தை” என்று கேட்டால் என்ன வருமோ அதுதான் வரும். டைரக்டர் மேதை, ஹீரோயின் குழந்தை மாதிரி, யூனிட் ஒரே குடும்பம். பத்து நிமிஷத்தில் பாதி, படத்தில் நாம் ஏற்கெனவே பார்த்த காட்சிகள். நம் ஊர் டிவிடிகள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. ‘ஸ்பெஷல் ஃபீச்சர்ஸ்’ என்று அழுத்தினால் பாட்டு வரும். அவ்வளவுதான்.

சின்னப் படங்கள் வேறு ஜாதி. அங்கே பேட்டி எடுக்க விளம்பர இலாகா கிடையாது. படம் வந்து பத்து இருபது வருஷம் கழித்து, யாரோ ஒரு ரசிகர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார வைத்துக் கேட்பார். இழக்க ஒன்றுமில்லாதவர்கள். உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

படத்தின் மீதே பேசுகிற ‘கமெண்ட்ரி’ என்ற வழக்கம் டிவிடிக்கு முந்தியது. 1984-ல் கிரைட்டீரியன் கம்பெனி பழைய ‘கிங் காங்’கை லேசர் டிஸ்க்கில் போட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர் அதில் காட்சிக்குக் காட்சி பேசினார். அதுதான் முதல். லேசர் டிஸ்க் எல்.பி. ரெக்கார்டு சைஸில் இருக்கும், விலையும் அதற்கேற்ப. 1996 கடைசியில் ஜப்பானிலும் அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் டிவிடி வந்ததும் இந்தப் பேச்சு சாமான்யனுக்கும் கிடைத்தது.

சென்னையில் நமக்குக் கிடைத்ததா என்பது வேறு கதை. பர்மா பஜாரில் கிடைத்தது படம் மட்டும். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அசல் டிஸ்க்கில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு, 8.5 ஜி.பி. கொள்ளும். வீட்டில் எரிக்கிற மலிவு டிஸ்க்கில் ஒரே அடுக்கு, 4.7. ஒன்றை மற்றதில் திணிக்க எதையாவது வெட்ட வேண்டும். முதலில் வெட்டுப்பட்டது டைரக்டரின் பேச்சு. ஒரே டிஸ்க்கில் ஆறு படம் என்று வந்தபோது படமே பாதி தெரியவில்லை, பேச்சுக்கு எங்கே போவது? அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் வரும்போது முந்திரி பாதாம் வேண்டாம், டிஸ்க் வாங்கி வாருங்கள் என்று கேட்டு வாங்கியவைதான் என்னுடையவை. அமெரிக்கா ரீஜன் 1, நாம் ரீஜன் 5. பிளேயரின் பூட்டைத் திறந்துவிட ரிச்சி தெருவில் ஒரு பையன் ரிமோட்டில் நாலு எண் தட்டினான். டீ செலவு மட்டும் வாங்கிக்கொண்டான்.

அப்படி வந்தவற்றில் எனக்குப் பிடித்தது ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. 1962. கறுப்பு வெள்ளை. ஒரு பெண், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். கார் ஆற்றில் விழுந்து, நெடுநேரம் கழித்து அவள் மட்டும் சேறும் சகதியுமாகக் கரையேறுகிறாள். வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாள். வெளுத்த முகத்துடன் ஒரு ஆள் கார் கண்ணாடியில் தெரிகிறான், மாடிப்படியில் தெரிகிறான். திடீர் திடீரென்று உலகத்தின் சத்தம் நின்றுபோகிறது. கடைக்காரிக்கு இவள் பேசுவது கேட்கவில்லை, இவள் நிற்பதே தெரியவில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன்.

எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில், பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படம் எடுக்கும் சென்ட்ரான் கம்பெனியில் சம்பள ஆள். மெஷினில் கையை விடாதே, பெரியவர்களுக்கு அடங்கி நட, இந்த மாதிரி. கலிபோர்னியாவிலிருந்து காரில் திரும்பும்போது யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக்கரையில் ‘சால்ட்டேர்’ என்ற கைவிடப்பட்ட கேளிக்கை மண்டபத்தை, சாயங்கால வெளிச்சத்தில் பார்க்கிறார். ஊருக்கு வந்ததும் சக ஊழியர் ஜான் கிளிஃபர்டிடம், “அந்த மண்டபத்தில் செத்தவர்கள் நடனமாட வேண்டும். அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பது உன் பாடு” என்கிற ரீதியில் கதை கேட்கிறார். கிளிஃபர்டு எழுதிவிட்டார். பணம் சுமார் 33,000 டாலர், அதில் பெரும் பகுதி உள்ளூரில் புரட்டியது. படப்பிடிப்பு மூன்று வாரம். வெளுத்த முகப் பேயாக நடித்தவர் ஹார்வியேதான். வேறு ஆளுக்குச் சம்பளம் மிச்சம்.

படம் வந்தது, இரட்டைக் காட்சிக்காக வெட்டப்பட்டது, போனது. விநியோகஸ்தர் திவால். ஹார்விக்குக் காசு வரவில்லை. அவர் அதற்கப்புறம் இன்னொரு கதைப்படம் எடுக்கவே இல்லை. சென்ட்ரானுக்குத் திரும்பிப் போய் ரிடையர் ஆகும் வரை மெஷினில் கையை விடாதே எடுத்தார். ஆனால் ராத்திரி டி.வி.யில் படம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ரொமேரோ. பிற்பாடு நடைப்பிணங்களை உலகத்துக்குக் கொடுத்த புண்ணியவான். 1989-ல் படத்தை மறுபடி தியேட்டரில் போட்டார்கள். விமர்சகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இருபத்தேழு வருஷம் லேட்.

2000-ல் கிரைட்டீரியன் இதை இரண்டு டிஸ்க்காகப் போட்டது. வெட்டிய படம் ஒன்றில், வெட்டாத படம் இன்னொன்றில். 1989-ல் நடிகர்கள் எல்லோரும் மறுபடி கூடிய டாக்குமெண்டரி. கூடவே, கேளுங்கள், சென்ட்ரானின் அந்தப் பாடப் படங்களிலிருந்து ஒரு மணி நேரம்! பேய்ப் படம் வாங்கினவனுக்கு எதற்குப் பாடப் படம் என்று தோன்றும். அதைப் பார்த்தபின் பேய்ப் படத்தை மறுபடி போட்டேன். அந்தப் படத்தின் விசித்திரமான பாணி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. எல்லாவற்றையும் உணர்ச்சியில்லாமல், நேராக, ‘இதோ பாருங்கள்’ என்று காட்டுகிற பாடப் படக் கேமரா. அதே கேமரா செத்தவர்களையும் அப்படியே காட்டுகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. இதை எந்த விமர்சகரும் எனக்குச் சொல்லவில்லை. டிஸ்க் சொன்னது.

அதே டிஸ்க்கில் சில காட்சிகளுக்கு ஹார்வியே பேசுகிறார். நிதானமான, வாத்தியார் குரல். அவர் காலமானது 1996-ல். டிவிடி என்கிற பொருள் கடைக்கு வருவதற்கு முன்பு. சால்ட்டேர் மண்டபம் 1970-ல் தீக்கிரையானது. இல்லாத மண்டபத்தை, இல்லாத மனிதர் வர்ணிப்பதை ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். படத்தைவிட...! சரி, விடுங்கள்.

அண்ணன் மகன் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படம் ஏற்கெனவே நல்ல படம். எக்ஸ்ட்ரா அதைப் புரிய வைத்தது, நல்லதாக்கவில்லை. நல்லதாக்கியது போன்ற மயக்கம் எங்கே வரும் தெரியுமா? ‘எல் மரியாச்சி’யில்.

1992. ராபர்ட் ரோட்ரிகஸ் அப்போது பொடியன். மெக்ஸிகோ எல்லையில் அகூன்யா என்ற ஊரில் பதினாலு நாளில் எடுத்தது. செலவு 7,000 டாலர். அதில் ஒரு பகுதிக்கு, கொலஸ்ட்ரால் மருந்து பரிசோதனைக்குத் தன் உடம்பையே வாடகைக்கு விட்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்தில் படுத்திருந்தார். அங்கேயே கதையும் எழுதினார், பக்கத்துப் படுக்கைக்காரரை வில்லனாகவும் போட்டுக்கொண்டார். டிவிடியில் ‘பத்து நிமிஷ ஃபிலிம் ஸ்கூல்’ என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. கேமராவைத் தள்ளிக்கொண்டு போக டிராலி இல்லை, சக்கர நாற்காலி. துப்பாக்கிகள் உள்ளூர் போலீஸிடம் இரவல். பொய்த் தோட்டா போட்டால் ஒரு தடவைதான் சுடும், அப்புறம் நின்றுவிடும். அதை நாலு கோணத்தில் எடுத்து ஒட்டி மெஷின் கன் ஆக்கினார். கேமராவில் ஒலிப்பதிவு கிடையாது. தனியாக டேப் ரிக்கார்டரில் பேசவைத்துப் பிடித்து ஒட்டினார். உதடும் பேச்சும் விலக ஆரம்பிக்கும் இடத்தில் சட்டென்று வேறு ஷாட். அந்தப் படத்தின் படபட எடிட்டிங்கை ‘புதிய பாணி’ என்று எழுதினார்கள். பாதி பாணி, பாதி உதடு!

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 7,000 என்ற எண்ணைக் கேட்டதும் நாம் மார்க் போடுவதை விட்டுவிட்டுக் கை தட்ட ஆரம்பித்துவிடுகிறோம். தவிர, நாம் பார்க்கிற பிரதி 7,000 டாலர் பிரதியும் இல்லை. கொலம்பியா வாங்கிய பிறகு 35 எம்.எம்.முக்கு ஊதி, ஒலியைச் சரிசெய்ய அதைப்போல் பல மடங்கு செலவழித்தது. அதற்காக ரோட்ரிகஸ் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. எண்ணைப் பார்த்து மயங்காமல் படத்தைப் பாருங்கள் என்கிறேன். பார்த்தால், நிற்கிறது. கிடார் பெட்டியுடன் ஒரு அப்பாவி, அதே மாதிரி கிடார் பெட்டியில் துப்பாக்கியுடன் ஒரு கொலைகாரன், ஊரே குழம்புகிறது. நம் ஆள்மாறாட்டக் கதைதான். விறுவிறுவென்று இருக்கிறது. நடிப்பு சுமார். 6 மார்க். ஃபிலிம் ஸ்கூலுக்கு 10.

ஆமாம், நான் இரண்டு மார்க் போடுகிறேன். அட்டையின் உள்பக்கம் பென்சிலில், படத்துக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று. ஒன்றாகக் கூட்டுவதில்லை. கூட்டினால் அனுதாப ஓட்டு விழுந்துவிடும்.

டெலீட்டட் சீன்ஸ், அதாவது வெட்டி எறிந்த காட்சிகள், பெரும்பாலும் எறிந்ததே சரி என்று தோன்றவைக்கும். ஆனால் ‘செஷன் 9’ என்ற 2001 படத்தில் எறிந்த காட்சிகள்தான் எனக்கு எடிட்டிங் என்றால் என்ன என்று காட்டின. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்ற ஊரில் 1992-ல் மூடப்பட்ட பிரம்மாண்டமான மனநல மருத்துவமனை. நிஜ இடம். அங்கே ஆஸ்பெஸ்டாஸை அகற்ற அஞ்சு பேர் கொண்ட ஒரு குழு வருகிறது. ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று முதலாளி வாய் விட்டுவிட்டார், பணமுடை. ஒருவன் பழைய டேப்புகளைக் கண்டுபிடித்துத் தினம் ஒன்றாகக் கேட்கிறான். அவ்வளவுதான் கதை. ரத்தம் கம்மி. பட்டப்பகலில் பயம். டைரக்டர் பிராட் ஆண்டர்சன். அப்போது வந்த புதுசான டிஜிட்டல் கேமராவில் எடுத்தது.

டிஸ்க்கில் இருக்கும் வெட்டிய காட்சிகளில் இன்னொரு பாத்திரம் வருகிறது. அந்தக் கட்டடத்திலேயே ஒளிந்து வாழும் வீடற்ற ஒரு பெண். அவள் இவர்களை மறைந்திருந்து பார்க்கிறாள். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அவளை முழுசாகப் படத்திலிருந்து உருவிவிட்டார்கள். விளைவு என்ன? இருட்டிலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வு மட்டும் பாக்கி, பார்ப்பவர் இல்லை. படத்தின் பயமே அந்தக் காலி இடத்தில் இருக்கிறது. நடித்த அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்தேன். பல நாள் உழைப்பு, டிஸ்க்கின் ஒரு மூலையில் சில நிமிஷம். அந்த மூலையும் இல்லாவிட்டால் அவர் அந்தப் படத்தில் இருந்தார் என்பதற்கே சாட்சி கிடையாது. அந்த மருத்துவமனையின் பெரும் பகுதியை 2006-ல் இடித்து அப்பார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். குடியிருப்பவர்களுக்கு இந்த டிவிடியைப் பரிசாக அனுப்பலாம்.

கமெண்ட்ரியில் உச்சம் என்று கேட்டால் ‘புப்பா ஹோ-டெப்’பைச் சொல்வேன். 2002. டான் காஸ்கரெல்லி. எல்விஸ் பிரஸ்லி சாகவில்லை, டெக்ஸாஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இடுப்பு வலியுடன் படுத்திருக்கிறார். பக்கத்து அறையில் ஒரு கறுப்பினப் பெரியவர், தான்தான் ஜனாதிபதி கென்னடி என்கிறார். இருவருமாக ஒரு எகிப்திய மம்மியோடு சண்டை போடுகிறார்கள். சிரிக்காதீர்கள், முதுமையைப் பற்றி இதைவிடக் கண்ணியமான பேய்ப் படம் நான் பார்த்ததில்லை. எல்விஸின் பாட்டு ஒன்றுகூட இல்லை. உரிமை வாங்கக் காசு இல்லை. டிஸ்க்கில் இரண்டு கமெண்ட்ரி. ஒன்றில் டைரக்டரும் நடிகர் புரூஸ் கேம்ப்பெல்லும். இன்னொன்றில் ‘ராஜா’ மட்டும். அதாவது கேம்ப்பெல், எல்விஸ் குரலிலேயே, முழுப் படத்துக்கும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதைச் செய்ய அவருக்கு ஒரு நிர்ப்பந்தமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, அண்ணன் மகன் கேட்டதற்கு நேரடியான கேஸ் ஒன்று. ‘மியாமி கனெக்‌ஷன்’, 1987. ஒய்.கே. கிம் என்று ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ நகரில் டேக்வாண்டோ பள்ளி நடத்தும் கொரியர். நடிப்பு தெரியாது. மாணவர்களையே நடிக்க வைத்தார். பாட்டுக் குழு ஒன்று, அவர்கள் எல்லோரும் டேக்வாண்டோ வீரர்கள், போதை மருந்து விற்கும் மோட்டார் சைக்கிள் நிஞ்ஜாக்களை அடித்து நொறுக்குகிறார்கள். நடுவில் நட்பைப் பற்றிப் பாட்டு. எடுத்து முடித்தால் வாங்க ஆளில்லை. கதாநாயகர்களில் ஒருவன் செத்துப்போகிற முடிவை மாற்றித் திரும்ப எடுத்தார். ஃபுளோரிடாவில் சில தியேட்டர்களில் ஓடி மறைந்தது. கிம் கிட்டத்தட்ட திவால்.

2009-ல் டெக்ஸாஸைச் சேர்ந்த ஒரு தியேட்டர்க்காரர் இதன் ஃபிலிம் பிரதியை, படத்தைப் பார்க்காமலே, ஈபேயில் 50 டாலருக்கு எடுத்தார். போட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கிம்முக்குப் போன் போட்டால், யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று வைத்துவிட்டாராம். 2012-ல் மறுபடி வெளியீடு, பிறகு டிஸ்க். அதில் பழைய சோக முடிவு இருக்கிறது, கிம்மின் கமெண்ட்ரி இருக்கிறது, படம் தொலைந்து கிடைத்த கதை இருக்கிறது.

படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு பையன் தன் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது என்று அழுகிற இடத்தில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்புறம் டிஸ்க்கின் பாக்கியைப் போட்டேன். ஒருத்தர்கூட நம்மோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அவர்கள் அந்தப் படத்தை நிஜமாக நம்பி எடுத்திருக்கிறார்கள். உலகத்தில் சண்டை வேண்டாம், நட்பு வேண்டும் என்று சொல்ல ஒருவர் தன் சொத்தையே வைத்திருக்கிறார், சொல்லத் தெரியவில்லை. மறுபடி படத்தைப் போட்டேன். அதே அழுகைக் காட்சி. சிரிப்பு வந்தது, ஆனால் முதல் தடவை வந்த சிரிப்பு இல்லை. படம் அதே படம்தான். ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. 2 மார்க், அதை ஏற்ற மாட்டேன். டிஸ்க்குக்கு 9.

நெட்ஃபிளிக்ஸ் 1998-ல் டிஸ்க்கைத் தபாலில் வாடகைக்கு அனுப்பித்தான் பிழைப்பை ஆரம்பித்தது. 2023 செப்டம்பரில் கடைசி உறையை அனுப்பிவிட்டுக் கடையை மூடிவிட்டது. இன்று ஓ.டி.டி.யில் படம் முடிந்து, பெயர்கள் ஓட ஆரம்பித்த அஞ்சாவது செகண்டில் அடுத்த படம் ஆரம்பிக்கிறது. ஜாக்கி சான் படங்களில் கடைசியில் அடிபட்ட காட்சிகளைப் போடுவார்களே, ‘ஆர்மர் ஆஃப் காட்’டில் மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்ததைக்கூட. தியேட்டரில் அதற்காகவே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்போம். இன்றைக்கு அதைப் பார்க்க ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. சில சின்னக் கம்பெனிகள், ஆரோ, வினிகர் சின்ட்ரோம் மாதிரி, இன்னமும் விடாப்பிடியாக யாரும் கேள்விப்படாத படங்களுக்கு எக்ஸ்ட்ரா சேர்த்து டிஸ்க் போடுகின்றன. வாங்குபவர்கள் என்னைப் போல நரைத்தவர்களாக இருப்பார்கள் என்று சந்தேகம்.

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ அமெரிக்காவில் காப்புரிமை இல்லாமல் போய்விட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இன்றைக்கு ராத்திரியே பாருங்கள். ஹார்வியின் குரல் வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். பிளேயரின் தட்டு தானாக வெளியே வராது, வலது பக்கம் லேசாக ஒரு தட்டு தட்ட வேண்டும்.